மூன்றெழுத்தும் பல பொருளும்

தோற்றுவாய்

சென்ற ஆண்டின் இறுதித் தவணைப் பரீட்சையின்போது நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பத்தாந் தரத்துத் தமிழ் வினாத்தாளை இயற்றியவன் யானே. அன்று அவ்வகுப்பின் மேற்பார்வையாளனாக நின்றவனும் யானே. பரீட்சை முடிதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கையில், வகுப்பிற் கெட்டிக்காரருள் ஒருவனாக எண்ணப்படும் மாணாக்கன் விடைத்தாளைக் கட்டி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே சென்றான். பின்னர் யான் அதனைத் திருத்தப் புகுந்தபோது, வினாத்தாளின் முதற் பக்கத்து வினாக்கள் யாவற்றுக்கும் செவ்வனே விடையெழுதிய அவன், மறுபக்கத்து வினாக்களுள் ஒன்றனையேனுந் தொடவில்லை என்பது புலனாயிற்று. அப்பக்கத்துக்குரிய புள்ளிகள் நாற்பது.

அவனை அழைத்து வினவினேன். மறுபக்கத்தில் வினாக்கள் இருப்பதை அறியேன் என்றான். தாளின் அடியிற் பதிக்கப்பட்டிருந்த 'பி.ரி.ஓ.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சுட்டிக்காட்டி, இதனைக் கண்டிலையோ என்றேன். அவன் கூறிய விடையை அவன் வாய்மொழியிலேயே தருதல் தகும்: "கண்டனான் சேர். ஆனால் பி.ரி.ஓ. எண்டால் உழவு மெசினுக்குப் பின்னாலை சுத்திறதெல்லே? அது ஏன் இதிலை கிடக்குதெண்டு விளங்கேல்லை."

அவன் தந்தையார் இரணைமடுக் குளத்தின்கீழ் நெல் விளைவிப்பவர். ஆதலின் அம்மூன்றெழுத்தை அவன் குழந்தைப் பருவந் தொட்டே அறிவான். அறிந்த பொருள்தான் வேறு. மறுநாள் வகுப்பு முழுவதையும் நோக்கி அவ்வெழுத்துக்களின் விரிவு யாதென வினவினேன். அறிந்தோர் மிகச் சிலரே. ஏனையோர் தாளைத் திருப்பியது அயலிலிருந்தோர் திருப்பியதைக் கண்டேயன்றி, எழுத்தைப் படித்தன்று. கெட்டிக்காரன் பிறர் தாளை நோக்காதவன். அதனால் அவன் ஒருவனே இழந்தான்.

தமிழ் வினாத்தாளின் அடியிலே பிறமொழி எழுத்து மூன்றைப் பழக்கம்பற்றிப் பதித்த பிழை என்னுடையதே. ஆயின், பல்லாண்டு கற்பித்த ஆசிரியன் ஒருவன் தெளிவென்று கருதியது மாணாக்கன் ஒருவனுக்கு எவ்வாறு இருளாயிற்று? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இலக்கண நூலார் கொள்கை

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழ் இலக்கணிகளுக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியனார் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்திலே பலபொரு ளொருசொல்லை இருவகைப்படுத்தினார். தன்னோடு வரும் வினையானும் இனத்தானும் சார்பானும் இன்ன பொருளதென்று தெளியப்படுவது ஒருவகை. அவ்வாறு தெளியப்படாது நிற்பது மற்றொருவகை. நன்னூலாரோ வினை, சார்பு, இனம், இடம் என நான்கினைக் கூறினார்.

'மா' என்னுஞ் சொல்லை நோக்குக. 'மா பூத்தது' என்றவழி அது மரமென்பது வினையாற் பெறப்படும். 'மாவும் பலாவும் நட்டான்' என்றவழி இனத்தாற் பெறப்படும். போர்க்கோலம் பூண்டு நிற்பான் ஒருவன் 'மா கொணர்க' எனின், அது குதிரையென்பது சார்பாற் பெறப்படும். ஆனால் 'மா வீழ்ந்தது' என்றால், மரமும் வீழும், குதிரையும் வீழும். ஆதலின் 'மாமரம் வீழ்ந்தது' என்றாதல் 'குதிரை வீழ்ந்தது' என்றாதல் கூறுவோன் விளங்கக் கூறவேண்டும் என்பது நூலார் துணிபு.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஐயம் எழும் இடத்து அதனை நீக்குங் கடமையைக் கேட்போன்மேற் சுமத்தாது கூறுவோன்மேலே சுமத்தினர் நம் முன்னோர். கேட்போன் ஊகித்துக்கொள்வான் என்று அவர் விடவில்லை. இவ்விதியை மனத்திற்கொண்டு மேற்செல்வாம்.

நிகண்டு நூலாரும் இப்பொருளிற் கருத்துடையராயிருந்தனர். 1849 இல் நாவலர் பெருமான் சென்னையில் உரையுடன் அச்சிட்ட சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கென்றே அமைந்தது. முற்காலத்து மாணாக்கன் அதனை மனனஞ் செய்து, ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் பொருள்கள் யாவும் மனக்கண்முன் வரப்பெற்றான். இக்காலத்துச் சுருக்கக்குறிகளுக்கு அத்தகைய நிகண்டு இளைஞர் கையில் இல்லை.

தமிழிற் சுருக்கக்குறிகள்

சுருக்கி எழுதும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்ததென்று கருதுதல் தவறு. கணக்கேடுகளிலும் பழைய காணி உறுதிகளிலும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படி என்பதற்கு ௸ எனத் தனிக் குறிகள் வழங்கின. உரைநூல்களை அச்சிட்டோர் 'இதன் பொருள்' என்பதனை 'இ-ள்' என்றும், 'என்றவாறு' என்பதனை 'எ-று' என்றும், 'வரலாறு' என்பதனை 'வ-று' என்றும், 'விசேடவுரை' என்பதனை 'வி-ரை' என்றுஞ் சுருக்கினர்.

இவற்றின் அமைப்பை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலப்படும். தமிழ் உரைமரபிலே சொல்லின் தலையும் வாலும் நின்றன. இடை மட்டுமே மறைந்தது. தலையையும் வாலையுங் கண்டவன் உடலை ஊகித்தல் எளிது. ஆங்கில முறையிலோ ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டும் எஞ்சுகின்றது. முதலெழுத்தொன்றே எஞ்சுமிடத்து, அவ்வெழுத்தில் தொடங்கும் ஆயிரஞ் சொற்களும் அதற்கு உரிமை கோரும். பல பொருட்கு இடந்தருதல் அம்முறையின் இயற்கை என்க.

எனினும் அம்முறையை நாமும் கைக்கொண்டுவிட்டோம். க.பொ.த. என்பதனை விரித்துக் கூறும் மாணாக்கர் அரியர். 1958 இல் தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபையை இ.போ.ச. என்றே வழங்கினோம். பகலிற் படிப்பித்து இரவிற் படித்து வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றி, பெயர்க்குப் பின்னே 'பி.ஏ.' என்னும் ஈரெழுத்தை அரிதிற் பெற்ற என் போன்றோர் சுருக்கக்குறிகளை முற்றாக இகழ்தல் நன்றியின்மையுமாகும். ஆதலின் அவை வேண்டா என்பதன்று என் கருத்து. எங்கே வேண்டும், எங்கே வேண்டா என்பதே ஆராயற்பாலது.

ஏட்டின் அடியில்

நம் ஆசிரியர் நன்கறிந்த பொருளை முதற்கண் நோக்குவாம். கடிதத்தின் அல்லது வினாத்தாளின் அடியில் வரும் பி.ரி.ஓ. என்பது 'தயவுசெய்து மறுபக்கந் திருப்புக' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாம். பிரெஞ்சு மொழியார் இவ்விடத்து ரி.எஸ்.வி.பி. என்னும் நான்கெழுத்தை எழுதுவர். 'திருப்புக, தயவுசெய்து' என்பது அதன் பொருள். ஜெர்மானியர் பி.டபிள்யூ. என்னும் ஈரெழுத்தோடு அமைவர். மேனாட்டு இசைச் சுவடிகளில் பக்கத்தின் அடியில் வி.எஸ். என வருவது, 'விரைந்து திருப்புக' எனப் பொருள்படும் இத்தாலியத் தொடரின் சுருக்கம். வாசிப்பவன் ஒரு கை ஓய்ந்த கணத்திலே தாளைத் திருப்பாவிடின் இசை தடைப்படும். ஆதலின் ஆங்கே விரைவும் உடன் கூறப்பட்டது.

அச்சுக்கலை தோன்றிய பின் நெடுங்காலம் ஐரோப்பியர் வேறோர் உபாயத்தையுங் கையாண்டனர். அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை முன்பக்கத்தின் அடியில் தனியே பதித்துவைத்தனர். படிப்போன் அதனைக் கண்டு, தொடர்ச்சி உண்டென்பதையும் அஃது எச்சொல்லாற் றொடங்கும் என்பதையும் ஒருங்கே அறிந்தான். ஒரு செய்யுளின் அந்தத்தை அடுத்த செய்யுளின் ஆதியாக்கும் அந்தாதித் தொடையை அறிந்த நமக்கு இவ்வுபாயத்தின் நயம் விளங்காமற் போகாது.

நம் ஓலைச் சுவடிகளுக்கோ இத்தகைய குறி வேண்டியதில்லை. அங்கே எண்ணிடப்பட்டது பக்கமன்று, ஏடு. ஓர் ஏட்டுக்கு ஓரெண். அதன் இருபுறமும் எழுத்து. ஏட்டைக் கையிலெடுத்தவன் அதற்கு மறுபுறம் உண்டென்பதை ஒருவர் சொல்லாமலே அறிவான்.

இக்காலத்து அரசாங்கப் பரீட்சை வினாத்தாள்களில் இச்சிக்கல் செம்மையாகத் தீர்க்கப்பட்டுள்ளது. தமிழ்மொழி மூல வினாத்தாளின் அடியில் அடுத்த பக்கத்தின் எண்ணைக் கூறி அதனைப் பார்க்கும்படி தமிழிலேயே எழுதப்பட்டிருக்கும். இத்தனை தாள்களைக் கண்டும், பாடசாலைப் பரீட்சைக்கு வினாத்தாள் இயற்றும்போது பழைய மூன்றெழுத்தையே என் கை எழுதிற்று. பழக்கத்தின் வலிமை அத்தகையது.

உழவு யந்திரத்தின் பின்னே

இனி அம்மாணாக்கன் அறிந்த பொருளுக்கு வருவாம். உழவு யந்திரத்தின் பின்புறத்தே நீண்டு நிற்கும் உருக்குத் தண்டொன்று உண்டு. யந்திரத்தின் வலு, பற்சில்லுகளின் வழியே இத்தண்டுக்கு வந்து, அதனைச் சுழற்றும். பின்னே பூட்டப்படும் கருவியை அத்தண்டோடு இணைத்துவிட்டால் அக்கருவியும் இயங்கும். யந்திரத்திலிருந்து வலுவை எடுத்துக் கொடுப்பதாகலின் ஆங்கிலத்தில் அதற்கு அப்பெயர் அமைந்தது. இலங்கைப் பௌதிக நூல்களில் 'வலு' எனவும் தமிழ்நாட்டு நூல்களில் 'திறன்' எனவும் வழங்குவது ஒன்றே. ஆதலின் நாம் இதனை 'வலுவெடுப்புத் தண்டு' எனலாம்.

இதன் பயனை அறியவேண்டின் இஃதில்லாத காலத்தை நினைக்கவேண்டும். முன்னாளிற் கதிரறுக்கும் கருவிகளின் உறுப்புக்களை இயக்கியது நிலத்தில் உருளும் அக்கருவியின் சில்லே. நிலம் ஈரமாயிருப்பின் சில்லு உருளாது வழுக்கும். வழுக்கினால் உள்ளுறுப்புக்கள் நின்றுவிடும். முதல் உலகப்போர் முடிந்த காலத்தையொட்டி அமெரிக்காவின் இன்ரர்நாஷனல் ஹார்வெஸ்ரர் தொழிலகம் வலுவெடுப்புத் தண்டு பூட்டிய உழவு யந்திரங்களை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின் கருவியின் இயக்கம் நிலத்தின் ஈரத்தை நம்பியிருக்கவில்லை. இன்று வன்னி வயல்களில் மண்ணைக் கிளறிச் சேறாக்கும் சுழற்கலப்பையும், நீரிறைக்கும் பம்பியும், சூடடிக்கும் யந்திரமும் இத்தண்டினாலேயே இயங்குகின்றன. பெருந்தெருவிற் செல்லும் லொறிகளுக்குள்ளும் இத்தகைய அமைப்பு உண்டு. மண் கொட்டும் லொறியின் பெட்டி மேலெழுவது அதனால் வந்த வலுவினாலேயாம்.

சென்ற சித்திரை விடுமுறையில், சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் வேளையில், அம்மாணாக்கனின் தந்தையார் என்னைத் தம் வயலுக்கு அழைத்துச் சென்று இத்தண்டைக் காட்டினார். யந்திரம் இயங்கிக்கொண்டிருந்தது. அருகிற் சென்று பார்க்க முற்பட்ட என்னைக் கையால் மறித்து, "மாஸ்ரர், வேட்டியோடை கிட்டப் போகாதேங்கோ. சுத்தி இழுத்துப் போடும்" என்றார்.

அவர் கூறியதன் உண்மையைச் சிறு கணக்கினால் அறியலாம். உலக வழக்கில் இத்தண்டின் நியம வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. விநாடிக்கு ஒன்பது சுற்று. தண்டின் விட்டம் ஏறக்குறைய 35 மில்லிமீற்றர். ஆகவே அதன் சுற்றளவு ஏறக்குறைய 110 மில்லிமீற்றர். ஒன்பது சுற்றிலே ஒரு மீற்றர் துணி அதன்மேற் சுற்றிக்கொள்ளும். நான்கு முழ வேட்டியின் நுனி அகப்பட்டால் இரண்டு விநாடியில் வேட்டி முழுவதும் போய்விடும். அதனுள் நின்றவன் என்னாவான் என்பதை விரிக்கவேண்டியதில்லை. யந்திரத்தை நிறுத்தவேண்டுமென்ற நினைவு எழுந்து கை செல்லுமுன் யாவும் முடிந்துவிடும். இதனாலேயே தண்டுக்கு உறை பூட்டவேண்டும் என்றும், யந்திரத்தை முற்றாக நிறுத்திய பின்னரே அணுகவேண்டும் என்றும் விதித்தனர்.

இவ்விடத்து யந்திர நூலார் செய்த ஏற்பாடொன்று நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலுந் தண்டன்றி, 1000 சுற்றுச் சுழலுந் தண்டும் உண்டு. மெதுவாகச் சுழல வேண்டிய கருவியை விரைந்து சுழலுந் தண்டிற் பூட்டினால் கருவி சிதறும். ஆளுக்கும் ஆபத்து நேரும். ஆதலின் 540 சுற்றுத் தண்டின் நுனியில் ஆறு பற்களையும், ஒத்த பருமனுடைய 1000 சுற்றுத் தண்டின் நுனியில் இருபத்தொரு பற்களையும் வெட்டினர். ஒன்றற்குரிய கருவி மற்றொன்றிற் பொருந்தாது. உழவன் மறந்தாலும் உருக்கு மறவாது.

யந்திரஞ் செய்தோர் ஒன்றை மற்றொன்றென மயங்காதவாறு பல்லை வேறுபடுத்தினர். சொல்லைச் சுருக்கினோரோ அந்த மூன்றெழுத்துக்கு அத்தகைய வேறுபாடு எதனையும் வைத்திலர். அஃது எங்கும் பொருந்துகின்றது. அதுவே அதன் குற்றம்.

தொழில் ஒப்பந்தத்தில்

மூன்றாவது பொருள் அமெரிக்கத் தொழிலகங்களுக்கு உரியது. அங்கே பி.ரி.ஓ. என்பது 'ஊதியத்துடன் கூடிய விடுப்பு' எனப் பொருள்படும். நம் பழைய மாணவர் பலர் கடல்கடந்த நாடுகளிலும், கொழும்பிலிருந்தே அந்நாட்டாருக்குத் தொழில் புரியும் அலுவலகங்களிலும் பணியாற்றுதலின், இப்பொருளை அறிதல் அவர்க்குப் பயனுடைத்து.

இதன் உட்கருத்து மொழிபெயர்ப்பில் முற்றாக வெளிப்படுவதில்லை. நம் நாட்டில் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்கீழ் ஆண்டு விடுமுறை 14 நாள் எனவும், சொந்த அலுவல், சுகவீனம் முதலிய தக்க காரணங்களுக்கு 7 நாள் எனவும் இருவேறு கணக்குகள் உண்டு. ஒன்றிற் கைவைத்தால் மற்றொன்று குறையாது. அமெரிக்க முறையில் பி.ரி.ஓ. எனப்படுவதோ பெரும்பாலும் ஒரே பை. ஓய்வுக்கு எடுத்தாலும், காய்ச்சலுக்கு எடுத்தாலும், உறவினர் திருமணத்துக்கு எடுத்தாலும் அப்பையிலிருந்தே எடுக்கவேண்டும். அன்றியும், 1938 இல் இயற்றப்பட்ட அந்நாட்டுத் தொழில் நியமச் சட்டம் வேலை செய்யாத நாளுக்கு ஊதியம் கொடுக்கவேண்டுமென்று தொழில் கொள்வோரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆதலின் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதே பெரும்பாலும் அளவு. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடும் உண்டு. கலிபோர்னியாவில் உழைத்து ஈட்டிய விடுமுறை ஊதியமாகவே கருதப்படும். பணியை விட்டு நீங்குவோனுக்கு அதன் பெறுமதியைக் கொடுத்தல் வேண்டும்.

என்னிடம் கற்ற ஒருவன் அந்நாட்டில் முதன்முதற் பணியேற்றபோது, ஒப்பந்தத்தில் '15 நாள் பி.ரி.ஓ.' எனக் கண்டு, சுகவீன விடுமுறை வேறாக இருக்கும் என்று நம் நாட்டு வழக்கை நினைத்துக்கொண்டான். தமக்கையின் திருமணத்துக்கு ஊருக்கு வந்து பதினைந்து நாளையும் இங்கே கழித்தான். திரும்பிச் சென்ற மாதத்திலே காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்தான். அவ்வாரத்துக்கு ஊதியம் கிடைக்கவில்லை. வீட்டு வாடகைக்குக் கடன்பட நேர்ந்தது என்று எனக்கு எழுதினான். தொழிலகத்தார் அவனை ஏமாற்றினர் என்று கூறுதற்கில்லை. அவர் ஒரு பொருளிற் சொன்னார். அவன் வேறொரு பொருளிற் கொண்டான். கையொப்பமிடுமுன் 'இவ்வெழுத்தின் விரிவு யாது? இதில் எவை அடங்கும்?' என்று ஒரு வினா வினவியிருந்தாற் போதும்.

வேறு பொருள்களும் உள. இந்தியப் புகையிரதப் பகுதியில் ஊழியர் மூன்றிலொரு பங்கு கட்டணத்திற் பயணஞ் செய்ய உதவும் சலுகைப் பத்திரத்துக்கு இதுவே பெயர். அமெரிக்காவின் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகம் 1975 இல் அப்பெயர் பெற்றது முதல் இவ்வெழுத்துக்களைப் பூண்டது. இரண்டாம் உலகப்போரைப் பற்றிய நூல்களிற் பசுபிக் போர்க்களத்தையும் அவை குறிக்கும். இவற்றை விரிக்கிற் பெருகும்.

பாடசாலைச் சங்கத்தில்

நான்காவது பொருளும் பாடசாலையைச் சார்ந்ததே. அமெரிக்கப் பாடசாலைகளிற் பெற்றாரும் ஆசிரியருங் கூடி அமைக்குஞ் சங்கத்தைப் பி.ரி.ஓ. என்பர். அங்கே இதனோடு மயங்கத்தக்க வேறொரு பெயரும் உண்டு, அது பி.ரி.ஏ. பின்னது 1897 இல் வாஷிங்டன் நகரில் அன்னையர் பேரவையாகத் தோன்றி நாடெங்கும் பரந்த தேசிய சங்கத்தின் கிளைகளைக் குறிக்கும். முன்னதோ அத்தேசிய சங்கத்திற் சேராது ஒரு பாடசாலையளவில் தனித்தியங்குவது. ஓரெழுத்து வேறுபாட்டினால், சந்தாப் பணம் வெளியே செல்லுமா பாடசாலையிலேயே தங்குமா என்பது வேறுபடுகின்றது.

நம் நாட்டிற் பெற்றார் ஆசிரியர் சங்கம் என்ற பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பதே இன்று பெரிதும் வழங்கும் பெயர். எனினும் பழைய வழக்கால் ஆசிரியர் சிலர் இன்னும் பி.ரி.ஏ. என்றே கூறுவதுண்டு. அவ்வெழுத்துக்களுக்கு இந்நாட்டில் வேறொரு பொருளும் உண்டென்பதை யாவரும் அறிவர். 1979 இல் 48 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் அம்மூன்றெழுத்தாலேயே குறித்து வந்தன. நம்மவர் நாவிலும் அஃது அவ்வாறே நிலைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் யான் வேறொரு பாடசாலையிற் பணியாற்றியபோது, 'வெள்ளிக்கிழமை பி.ரி.ஏ. கூட்டம். தவறாது சமுகமளிக்கவும்' என்னும் ஒருவரிக் குறிப்பை மாணாக்கர் கையிற் கொடுத்தனுப்பினோம். மறுநாட் காலை, வாயிற்கதவு திறக்குமுன்னரே, தாய் தந்தையரில்லாப் பேரன் ஒருவனை வளர்த்துவந்த மூதாட்டியார் அத்துண்டைக் கையிற் பிடித்தவாறு நின்றார். "மாஸ்ரர், இது எங்கடை பிள்ளையைப் பற்றியோ?" என்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். அயலவர் ஒருவர் அதனைப் படித்துக் காட்டினாராம். அம்மூன்றெழுத்தைக் கேட்டபின் அவர் அன்றிரவு உறங்கவில்லை. கூட்டம் பாடசாலைச் சுற்றுமதில் திருத்துவதைப் பற்றியது என்று விளக்கியபோதும், அவர் கை நடுக்கம் உடனே அடங்கவில்லை. 'பெற்றார்' என்ற ஒரு சொல்லை எழுதியிருப்பின் அவ்வம்மையார் ஓரிரவின் துயிலை இழந்திரார்.

தமிழெழுத்தில் எழுதுங்கால்

ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழெழுத்திற் பெயர்க்கும்போது இருள் பின்னும் பெருகுகின்றது. தமிழ்நாட்டார் ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தையும் நான்காம் எழுத்தையும் 'டி' என்றே எழுதுவர். பதினாறாம் எழுத்தும் இரண்டாம் எழுத்தும் அவ்வாறே 'பி' ஆகும். ஆகவே நம் மூன்றெழுத்தை அவர் 'பி.டி.ஓ.' என்று எழுதுவர். அங்கே பத்திரிகை படிப்போனுக்கு அஃது வட்டார வளர்ச்சி அலுவலரையே நினைவூட்டும். தாளைத் திருப்பச் சொன்ன சொல் ஓர் அதிகாரியின் பதவிப்பெயராகிவிடுகின்றது.

இலங்கையில் நாம் இருபதாம் எழுத்தை 'ரி' என்றும் நான்காம் எழுத்தை 'டி' என்றும் வேறுபடுத்துகின்றோம். அதனால் நான்காக இருந்த மயக்கம் இரண்டாகக் குறைகின்றது, முற்றாக நீங்கவில்லை. எவ்வாறு எழுதினும், 'பி' என்னுந் தமிழெழுத்து இங்கே எந்தத் தமிழ்ச்சொல்லின் முதலெழுத்தாகவும் நிற்கவில்லை. 'இ-ள்' என்பதைக் கண்ட மாணாக்கன் முயன்றால் தானே விரித்துக்கொள்வான். 'பி.ரி.ஓ.' என்பதைத் தமிழறிவு ஒன்றாலே விரித்தல் எவர்க்கும் இயலாது.

முடிவுரை

இனி நன்னூலார் கூறிய நான்கு துணைகளையும் பொருத்திப் பார்ப்பாம். 'பி.ரி.ஓ. சுழல்கின்றது' எனின் வினையாலே தண்டென்பது பெறப்படும். 'பி.ரி.ஓ. கூடிற்று' எனின் சங்கம். 'சம்பளமும் பி.ரி.ஓ.வும் எவ்வளவு?' எனின் இனத்தால் விடுப்பு. தாளின் அடியில் நிற்பின் இடத்தால் 'திருப்புக' என்னும் ஏவல். விதி எங்கும் பிழைபடவில்லை. அங்ஙனமாயின் அம்மாணாக்கன் மயங்கியது ஏன்?

ஈண்டே இக்கட்டுரையின் முடிபு உளது. 'மா' என்ற சொல்லைக் கேட்ட அக்காலத் தமிழன் மரத்தையும் அறிவான், குதிரையையும் அறிவான். வினையும் இடமும் அவன் அறிந்தவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க உதவின. அவை அறியாத பொருளை அறிவிப்பனவல்ல. நம் மாணாக்கனுக்கு இடம் தன் கடமையைச் செய்தே இருந்தது. வினாத்தாளில் உழவு யந்திரத்துக்கு வேலையில்லை என்று அவனுக்கு உணர்த்திற்று. ஆயின் வேறு பொருள் ஒன்றை அவன் அறியாமையின், தெரிந்தெடுக்க ஒன்றுமின்றித் திகைத்தான். சொல் ஊர் முழுவதற்கும் பொது. சுருக்கக்குறியோ அதனை வழங்குங் கூட்டத்தார்க்கு மட்டும் உரியது. ஆசிரியர்க்கு ஒன்று, உழவர்க்கு ஒன்று, அலுவலகத்தார்க்கு ஒன்று. தன் கூட்டத்துக்கு வெளியே நிற்போனிடம் அதனை வழங்குபவன், பூட்டை மட்டும் கொடுத்துத் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்பவனை ஒப்பான்.

ஆதலின் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். சுருக்கக்குறியை முதலில் வழங்கும் இடத்து அதன் விரிவை ஒருமுறை தருக. ஏவல், எச்சரிக்கை, உரிமை என்னும் மூன்றையுங் கூறுமிடத்துச் சுருக்காது கூறுக. அங்கே மயங்கியவன் இழப்பது சிறிதன்று. பிறர் சுருக்கிக் கூறியதன் விரிவை அறியாவிடின், நாணாது வினவ நம் மாணாக்கரைப் பழக்குக. இம்மூன்றாவது நெறியே கடினமானது. விளங்கவில்லை என்று பரீட்சை மண்டபத்திற் கையுயர்த்துவதற்கு நாம் அவர்களைப் பழக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அம்மாணாக்கன் இழந்த நாற்பது புள்ளிகளை மீட்டுக்கொடுக்கப் பரீட்சை விதி இடந்தரவில்லை. அத்தவணையில் அவன் வரிசையிற் பின்னடைந்தான். அவன் தந்தையார் அதுபற்றி என்னிடம் ஒரு சொல்லுங் கூறிலர். வயலிலே என் வேட்டியைக் கண்டு மறித்தபோதும், அத்தண்டின் மூன்றெழுத்துப் பெயரை அவர் சொல்லவில்லை. கிட்டப் போகவேண்டாம் என்றும், சுற்றி இழுக்கும் என்றுமே சொன்னார். ஆபத்தை அறிந்தவர் அவ்வாறே பேசுவர். யான் இவ்வாண்டு முதலாந் தவணைக்கு இயற்றிய வினாத்தாளின் அடியில் 'மறுபக்கத்திலும் வினாக்கள் உள' என்று எழுதினேன். அதனால் ஒரு வரி கூடியது, தாள் கூடவில்லை.